மீனுக்கு இருந்த காவல்

மாலையிலிருந்து என்னோடு பேசாத மாமியார், பல்வலிக்குக் கிராம்பு எண்ணெய்ப் புட்டியைத் திறந்தார். தோழி, நாம் சேர்ந்து வேலை பார்த்த மீன் ஆய்வகத்தின் வாசனை மூக்கில் ஏறிவிட்டது. தொட்டித் தண்ணீரில் அதைக் கலந்து ரோகு மீனை மயக்குவோம். நான் பிடித்துக்கொள்ள, வாலடியில் ஊசி செருகி நீ ரத்தம் எடுப்பாய். "முழங்கை வரைக்கும் கழுவுடி, அப்புறம் தொட்டிக்கிட்ட வா" என்று விரட்டுவாய்.

தோலில் புண்ணோடு வந்த மீன்கள் அவை. நுண்ணோக்கியில் வெள்ளை அணுக்களைக் காட்டுவாய். "இதுக்குள்ள சின்னச் சின்னப் பையில நொதி வச்சிருக்கு. ஒண்ணு பாக்டீரியா சுவரை உடைக்கும். இன்னொண்ணு பிளீச்சிங் பவுடர் மாதிரி ஒண்ணைத் தயார் பண்ணிக் கொல்லும். நம்ம தெருவை விட மீனு சுத்தம்டி." பாக்டீரியா கலங்கிய குழாயில் மீன் ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரைச் சொட்டினால் கலங்கல் மெல்லத் தெளியும். ஒவ்வொரு முறையும் புதிதாய்ப் பார்ப்பவள்போல் என்னை இடிப்பாய்.

பிறகு உனக்கு ரத்தப் புற்றுநோய். சிகிச்சை உன் வெள்ளை அணுக்களையும் சேர்த்துத் துடைத்தது. யாரையும் உள்ளே விடக் கூடாது என்றார் மருத்துவர். லிங்கராஜபுரத்து உன் வீட்டுக்கு உன் கணவரின் உறவுகள் சாத்துக்குடிப் பையோடு கூட்டமாக வந்தார்கள். "சொல்ப நேரம்மா, ரெண்டே நிமிஷம் பாத்துட்டுப் போயிடறோம். வரலைன்னா பேச்சு வரும்." இருமிக்கொண்டே ஒருவர் உன் கன்னத்தைத் தடவினார். நான் தோழி, வாசலை மறிக்க எனக்கு என்ன உரிமை?

"நம்ம மீனைக்கூட இத்தனை பேர் தொடலடி" என்று சிரித்தாய். அந்த வாரமே காய்ச்சல். அதிலேயே போனாய். கிருமி எங்கிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாதாம். சாவுக்கும் அதே கூட்டம். "விதி" என்றார்கள். எவ்வளவு வசதியான சொல்.

இப்போது என் மகள். காய்ச்சலில் வெள்ளை அணுக்கள் இறங்கி, நேற்றுதான் மருத்துவமனையிலிருந்து வந்தாள். அணுக்கள் ஏறும்வரை வெளியாட்கள் தூக்க வேண்டாமாம். இன்று மாலை சந்தாபுராவிலிருந்து நாத்தனார் குடும்பத்தோடு வந்து நின்றார்.

"ஏம்மா, நாங்க அசலா? ஒரு தடவ தூக்கிட்டுத் தந்துடறேன்."

"அணு ஏறட்டும் அண்ணி. அப்புறம் நாள் பூரா வச்சுக்கோங்க."

"படிச்ச திமிரு" என்றது படியிறங்கும்போது என் காதில் விழட்டும் என்றுதான்.

விழுந்தது. இருக்கட்டும். உனக்காக யாரும் வாங்கிக்கொள்ளாத கெட்ட பெயர் அது. மகள் சிணுங்குகிறாள். முழங்கை வரை கழுவிவிட்டுப் போகிறேன்.