முதல் கரண்டி

பத்து காவான்
16.2.2025

என்னங்க,

உடம்பு எப்படி இருக்கிறது? போன் அடித்தால் உங்கள் அக்கா எடுக்கிறார். "அவன் தூங்குறான்" என்கிறார். எந்நேரமும் தூங்குகிறீர்கள். அதனால் தபால்.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போனேன். நம் அன்னதானப் பந்தலில், வழக்கம்போல் சாம்பார் அண்டா பக்கத்தில் நின்றேன். கூடச் சமைக்கிற லோகேஸ்வரி என் கையிலிருந்த அகப்பையை வாங்கிக்கொண்டாள்.

"நீங்க போய் உக்காருங்கக்கா. நாங்க பாத்துக்கறோம்லா."

உட்கார்ந்தேன். உரிக்க ஒரு வெங்காயம்கூட யாரும் தரவில்லை.

பிறகுதான் காதில் விழுந்தது. நான் உங்கள் சோற்றில் மருந்து வைத்துவிட்டேனாம். வசிய மருந்து. அது வயிற்றில் ஒட்டிக்கொண்டதால்தான் சாப்பிட்டதெல்லாம் வாந்தியாகிறதாம். பட்டர்வொர்த்தில் மருந்தெடுக்கிற ஒருவர் அதை வெளியே எடுத்துக் காட்டினாராம். கறுப்பாக, முடியோடு ஓர் உருண்டை.

யார் முடி என்று கேட்டீர்களா?

இடது நுரையீரலில் புற்றுநோய் வந்த பாகத்தை வெட்டியெடுத்த நாளிலிருந்து சோறு பிசைந்து ஊட்டியவள் நான். வாந்தியை அள்ளியவளும் நான். தீபாவளிக்கு மறுநாள் பையைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குக் கிளம்பினீர்கள். இடம் மாறினால் பசி எடுக்கும் என்றீர்கள். நம்பினேன்.

டாக்டரிடம் போங்கள். ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள்.

உங்கள் ருக்கு

*

சுங்கை பினாங்
2.3.2025

அன்புள்ள ருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ நலமாக இருக்க வேண்டும்.

நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அக்காதான் பேச்சோடு பேச்சாக எங்கோ சொல்லியிருக்கிறாள். வயதானவள். மனதில் எதுவும் தங்காது.

ஆனால் ஒன்று. அந்த உருண்டையை எடுத்த பிறகு இரண்டு நாள் சாப்பாடு தங்கியது. அதற்கு நான் என்ன சொல்ல?

இப்போது மறுபடியும் அதேதான். சாப்பிட்டால் நெஞ்சுக்குள் கல் வைத்ததுபோல் இருக்கிறது. படுத்தால் தொண்டைவரை புளிப்பு. அக்கா வைக்கும் சோறும் தங்கவில்லை. "அவ வச்சதுல மிச்சம் இன்னும் உள்ள கெடக்குடா" என்கிறாள்.

கோபப்படாதே.

அன்புடன்
புவனேஸ்வரன்

*

பத்து காவான்
9.3.2025

என்னங்க,

அக்கா வீட்டுச் சோற்றிலும் நானா? எனக்கு இவ்வளவு நீளக் கை என்று தெரியாது. பாலம் தாண்டித் தீவுவரை வருகிறது.

ஸ்கேன்.

உங்கள் ருக்கு

*

சுங்கை பினாங்
12.4.2025

அன்புள்ள ருக்கு,

ஸ்கேன் எடுத்தாயிற்று. டாக்டர் படத்தைக் காட்டினார். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஒரு தடுப்பு இருக்கிறதாம். அதில் உணவுக்குழாய் இறங்குகிற ஓட்டை விரிந்துவிட்டது. இரைப்பையில் பாதி அந்த வழியாக ஏறி, நுரையீரலை எடுத்த பக்கம் போய் உட்கார்ந்திருக்கிறது. ஹையேட்டல் ஹெர்னியா என்று பெயர். நுரையீரல் ஆப்பரேஷனுக்குப் பிறகு எப்போதாவது சிலருக்கு இப்படி ஆகுமாம்.

"சாப்பாட்டு மேல தப்பு இல்ல அங்கிள்" என்றார்.

நீ கேட்கும் முன் நானே எழுதுகிறேன். உன்மேல் தப்பில்லை.

அடுத்த மாதம் இரைப்பையைக் கீழே இறக்கித் தைக்கிறார்கள். பிறகு கொஞ்ச நாள் வடித்த கஞ்சிதான். அக்கா வைத்தால் அடிப்பிடிக்கும். நீ வைத்துக் கொண்டு வருவாயா?

அன்புடன்
புவனேஸ்வரன்

*

பத்து காவான்
20.4.2025

என்னங்க,

என்மேல் தப்பில்லை என்று என்னிடமே சொல்கிறீர்கள். எனக்குத் தெரியாதா?

லோகேஸ்வரியிடம் சொல்லுங்கள். பந்தலில் சொல்லுங்கள். உங்கள் அக்கா எந்தெந்த வீட்டில் சொன்னாரோ அங்கெல்லாம் அவரையே சொல்லச் சொல்லுங்கள். நான் கேட்பது அது மட்டும்தான்.

கஞ்சி கொண்டு வருகிறேன்.

உங்கள் ருக்கு

*

சுங்கை பினாங்
1.5.2025

அன்புள்ள ருக்கு,

அக்காவிடம் இப்போது பேச முடியவில்லை. என்னைப் பார்த்துக்கொள்பவள். ஆப்பரேஷன் முடியட்டும். எல்லாரையும் கூப்பிட்டு நானே சொல்கிறேன். முருகன் மேல் சத்தியம்.

உன் மனது எனக்குத் தெரியும். என் மனதும் உனக்குத் தெரியும்.

அன்புடன்
புவனேஸ்வரன்

*

பத்து காவான்
19.5.2025

என்னங்க,

தையல் ஆறுகிறதா?

நேற்று வார்டில் நடந்ததை எழுதி வைக்கிறேன். மயக்கத்தில் இருந்தேன் என்று பிறகு சொல்வீர்கள். நீங்கள் மயக்கத்தில் இல்லை.

ஃபிளாஸ்க்கைத் திறந்தேன். "ருக்கு, வாசனையே போதும்" என்றீர்கள். அதுவரை நன்றாகத்தான் இருந்தது. கரண்டியில் எடுத்து ஊதினேன். உங்கள் அக்கா கை நீட்டி வாங்கினார்.

"குடு, சூடு பாக்கறேன்."

குடித்தார். விழுங்கினார். சும்மா உட்கார்ந்திருந்தார்.

அவரை விடுங்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தது உங்களை. படத்தைப் பார்த்தவர் நீங்கள். டாக்டர் சொன்னதைக் காதால் கேட்டவர் நீங்கள். வாயை மூடிக்கொண்டு அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அவர் தலையாட்டிய பிறகு வாயைத் திறந்தீர்கள்.

ஊட்டினேன். கஞ்சி தங்கியது. சந்தோஷம்.

பந்தலில் எதுவும் சொல்ல வேண்டாம். யாரையும் கூப்பிட வேண்டாம்.

ஃபிளாஸ்க் அங்கேயே இருக்கட்டும். கழுவி எடுத்துக்கொள்ளும்படி அக்காவிடம் சொல்லுங்கள்.

நன்றாகக் கழுவச் சொல்லுங்கள்.

ருக்குமணி