இந்தக் கரண்ட் யார் சொல்லி வருகிறது?

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். உன் அப்பாவின் இருமலையும் சுகத்தில்தான் சேர்த்திருக்கிறேன், அவர் அப்படித்தான் எழுதச் சொன்னார். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, ஆஸ்பத்திரியில் உன்னை ராத்திரி வேலையிலிருந்து மாற்றினார்களா, முடி கொட்டுவது நின்றதா, எல்லாவற்றையும் விவரமாக எழுது. இதைப் போனிலேயே கேட்கலாமே என்பாய். போன் பேச, சிக்னலுக்காக மேட்டுக்கு ஏற வேண்டும், ஏறினால் பின்னாலேயே நாலு பேர் வந்து சும்மா நிற்பதுபோல நின்று காது கொடுப்பார்கள். அதுவும் இல்லாமல் உன்னிடம் போனில் ஒன்று கேட்டால் சிரித்தே மழுப்பிவிடுவாய். காகிதத்தில் கேட்டால் காகிதத்தில் பதில் சொல்லியாக வேண்டும். நான் எதைப் பற்றிக் கேட்கப் போகிறேன் என்று இந்நேரம் உனக்குப் புரிந்திருக்கும். புரியாததுபோல் நடிக்காதே, முழுதும் படி.

மழை விட்டதும் ஒரு ஜீப் பாலம் வரைக்கும் வந்து நின்றது. அதற்கு மேல் வண்டி வராது என்பதால் ஒரு பெண் நடந்தே ஏறி வந்தாள். உன் வயதுதான் இருக்கும், நல்ல பூட்ஸ், கழுத்தில் அடையாள அட்டை, தோளில் அளக்கிற சாமான்கள். இன்ஜினியராம். பள்ளிக்கூட அறையில் எல்லோரையும் உட்கார வைத்து, பழங்குடி ஊர்களுக்கும் ஒதுக்குப்புறமான ஊர்களுக்கும் புகையில்லாத மின்சாரம் தர அரசாங்கம் நிதி ஒதுக்கியிருக்கிறது, அதில் நம் குடியிருப்பும் வந்திருக்கிறது, வெயிலில் கரண்ட் எடுத்து பேட்டரியில் சேர்த்து வீட்டுக்கு வீடு கம்பி இழுத்துத் தருவோம், நீங்கள் ஒரு பைசா போட வேண்டாம், இடம் மட்டும் காட்டினால் போதும் என்றாள். இடம் மட்டும் என்றாளே, அப்போதே நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நம்மிடம் இருப்பதே அது ஒன்றுதான், அதைப் போய் ‘மட்டும்’ என்கிறாளே என்று. உனக்கு ஞாபகம் இருக்கும், நீ பள்ளிக்கூடம் போகிற காலத்தில் இப்படித்தான் சோலார் விளக்குக் கம்பங்கள் வந்தன. ரிப்பன் வெட்டினார்கள், நம்மையெல்லாம் கம்பத்துக்குக் கீழே நிறுத்திச் சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள், அடுத்த மழைக்குள் விளக்கெல்லாம் கண்ணை மூடிவிட்டது. பேட்டரிகளைப் பழுது பார்க்கக் கழற்றிக்கொண்டு போனவன் இன்னும் பழுது பார்த்துக்கொண்டே இருக்கிறான். இப்போது அந்தக் கம்பங்களில் ஆட்டுக்கார அத்தை ஆடு கட்டுகிறாள். கேட்டால் அரசாங்கமே எனக்கு முளை அடித்துக் கொடுத்தது என்கிறாள்.

அதனால் நான் எழுந்து நின்றேன். “ஏம்மா, நான் கல்யாணமாகி இந்த மலை ஏறி வந்தப்பவும் இங்க கரண்ட் இல்ல, என் பொண்ணு மண்ணெண்ணெய் விளக்குல படிச்சப்பவும் இல்ல. அப்பல்லாம் இல்லாத கரிசனம் இப்ப எங்கேருந்து வந்துச்சு? யாரு சொல்லி வந்தீங்க?” என்று கேட்டேன். அவள் என் முகத்தையே பார்த்தாள், பிறகு குனிந்துகொண்டு, “திட்டத்துல ஊர் பேரு வந்துச்சும்மா, வந்தோம்” என்றாள். அந்தக் குனிதல்தான் எனக்கு உறுத்தியது. பொய் சொல்கிற பெண் எப்படிக் குனிவாள் என்று உன்னை வளர்த்த எனக்குத் தெரியாதா. நான் மேலே கேட்பதற்குள், திருகி அணைக்க முடியாத நம் ரேடியோ சித்தப்பா ஆரம்பித்துவிட்டார். “அண்ணி ஏன் நோண்டுறாங்கன்னு தெரியாதா? ஊருக்குக் கரண்ட் வந்தா வீட்டுக்கு வீடு மிக்சி வாங்கிருவாங்க, அண்ணியோட டீசல் மாவு மில்லு குறட்டை விட்டுத் தூங்க வேண்டியதுதான்!” அறை முழுக்கச் சிரிப்பு. உன் அப்பாவின் கூடப்பிறந்த தம்பி, நம் வீட்டு மாவில் வளர்ந்த உடம்பு, அத்தனை பேர் நடுவில் அப்படிச் சொன்னதும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. வாய் இருக்கிறதே, அது நம்மைக் கேட்டுக்கொண்டா திறக்கிறது. “இதுல எனக்கோ என் வீட்டு ஆளுங்களுக்கோ ஒரு நூலளவு சம்பந்தம் இருக்குன்னு யாராவது காட்டுங்க, அன்னைக்கே மில்லைப் பூட்டி சாவியை இந்த மேசை மேல வெச்சிடறேன்!” என்று சொல்லிவிட்டேன். அந்த இன்ஜினியர் பெண்ணுக்கு முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். அப்போது காரணம் புரியவில்லை.

மறுநாளிலிருந்து அவள் எங்கே போனாலும் நானும் போனேன். மில்லை உன் அப்பாவிடம் விட்டுவிட்டு அவள் பின்னாலேயே நடந்தேன். ஓடைப் பக்கம் எதற்கு அளக்கிறாய் என்றேன், வெள்ளம் வந்தால் பேட்டரி அறைக்குள் தண்ணீர் போகக்கூடாதே என்றாள். கொடுக்கிற இடம் யார் பேரில் இருக்கும் என்றேன், குடியிருப்பின் பேரிலேயே இருக்க வேண்டும் என்றுதான் விதி என்றாள். செத்த பேட்டரியை யார் எடுத்துப்போவார்கள், நம் ஓடையில்தான் வீசுவார்களா என்றேன். தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன் என்றாள். அது எனக்கு இன்னும் சந்தேகமாகப் போய்விட்டது. தெரியவில்லை என்று வாய் திறந்து சொல்லும் அரசாங்க ஆளை நான் என் ஆயுசில் பார்த்ததில்லை. இவள் ஏதோ பெரிதாக மறைக்கத்தான் சின்னச் சின்ன உண்மைகளை அள்ளிப் போடுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்தது சரியாகவும் போயிற்று. மில்லுக்குப் பின்னால் சோலார் தகடுகள் வைக்கலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தவள், திரும்பிப் பார்க்காமலே, “ஏம்மா, சாயங்காலம் மொட்டைத்தாத்தா நிழல் எது வரைக்கும் விழும்?” என்றாள்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். ஊரில் எல்லோருக்கும் அது பெரிய பாறை. அதை மொட்டைத்தாத்தா என்று கூப்பிட்டவள் உலகத்தில் ஒருத்திதான், அவள் அப்போது பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அதன் மேல் சறுக்கி விளையாடுவாள். இந்தப் பெண்ணும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் நேராக மில்லுக்குள் போனேன். உன் அப்பா இன்ஜின் பெல்ட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். உங்க பொண்ணு என்ன வேலை பார்த்து வெச்சிருக்கா என்று கேட்டதுதான் தாமதம், மனுஷன் துடைத்த பெல்ட்டையே மறுபடி துடைக்கிறார். இருமலுக்கு மேட்டுக் காற்று நல்லது, மேட்டுக் காற்று நல்லது என்று இத்தனை மாதமாகப் போனை மடியில் செருகிக்கொண்டு ஏறியது எந்தக் காற்றுக்கு என்று அப்போதுதான் விளங்கியது. “சொல்லக்கூடாதுன்னு புள்ள சத்தியம் வாங்கிருச்சு, நான் என்ன பண்ண” என்றார். அப்பாவும் மகளும் சேர்ந்து என்னை நடு ஊரில் நிற்க வைத்திருக்கிறீர்கள். நான் வீட்டு ஆட்களுக்குச் சம்பந்தமில்லை என்று அடித்துப் பேசியபோது என் பக்கத்திலேயே உட்கார்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாரே அந்த மனுஷன், அதை நான் சுலபத்தில் மறக்க மாட்டேன்.

அந்தப் பெண்ணை மில்லிலேயே உட்கார வைத்துத் தேநீர் கொடுத்து எல்லாவற்றையும் கறந்துவிட்டேன், அவளைக் கோபித்துக்கொள்ளாதே. அவர்கள் ஆபீஸ் வரைபடத்தில் நாம் இருக்கிற இடம் வெறும் பச்சையாக இருந்ததாம், ஆள் குடியிருப்பதாகவே குறிப்பு இல்லையாம். கம்பம் நட்டு ரிப்பன் வெட்டியவர்கள்கூட நம்மை எந்தக் காகிதத்திலும் எழுதாமல்தான் போயிருக்கிறார்கள் போல. லீவு நாளில் எல்லாம் நீ அங்கே போய், அங்கே ஆட்கள் இருக்கிறார்கள், என் அம்மா இருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டே இருந்தாயாம். “உங்க பொண்ணு எங்க ஆபீஸ் பெஞ்சையே தேய்ச்சிட்டாங்கம்மா, அவங்க வந்தாலே ஆளாளுக்கு ஃபைலைத் தூக்கிட்டு ஓடுவாங்க” என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ராத்திரியெல்லாம் கண் விழித்து ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு, தூங்க வேண்டிய பொழுதில் நீ அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததை நினைத்துக்கொண்டே அவள் டம்ளரில் இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினேன்.  அப்புறம் வேறொன்று தோன்றியது. இத்தனை காலம் நாம் இங்கே இருப்பது அவர்களுக்குத் தெரியாது. இப்போது தெரியும். இருக்கிறீர்கள் என்று எழுதிக்கொண்டவன், ஒருநாள் எழுந்து போங்கள் என்றும் எழுதலாம் அல்லவா. நல்லது செய்ய வருகிறவனுக்குக் காட்டிய வழியில்தானே மற்றவனும் வருவான். இதை நீ யோசித்தாயா? நான் படிக்காதவள், பயத்தில் உளறுகிறேன் என்று நினைக்காதே, கீழே ஆற்றோரம் இருந்தவர்களுக்கும் முதலில் ரோடுதான் போட்டுக் கொடுத்தார்கள்.

அடுத்த கூட்டத்துக்கு நான் மில்லைப் பூட்டிவிட்டுத்தான் போனேன். உன் அப்பா வேண்டாம் வேண்டாம் என்று வாசல் வரை வந்தார். நான் கேட்கவில்லை. சாவியை மேசை மேல் வைத்து, ஊர் பெயரை எழுத வைத்தது என் மகள்தான், எனக்கு நேற்றுவரை தெரியாது, ஆனாலும் சொன்ன சொல் சொன்னதுதான் என்றேன். ரேடியோ சித்தப்பாவே வாயடைத்துப் போனார், பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். ஆனால் மற்றவர்கள் சும்மா விடுவார்களா? தெரிந்தே நாடகம் ஆடினாள் என்றார்கள். முதல் மோட்டார் இவள் மில்லுக்குத்தான் வரும், மகளை வைத்துக் காரியம் சாதிக்கிறாள் என்றார்கள். போன கூட்டத்தில் கரண்டைக் கண்டு பயப்படுகிறாள் என்று சிரித்த அதே வாய்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். என் கையில் மாவு ஒட்டியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன், துடைக்கக்கூடத் தோன்றவில்லை. கடைசியில் ஆட்டுக்கார அத்தைதான் கத்தினாள். “நிறுத்துங்கடா! மில்லை மூடிட்டா தானியத்தை ஆத்தங்கரை மில்லு வரைக்கும் தலையில தூக்கப் போறது யாரு, நீயா நானா? மொதல்ல அந்தச் சாவியை எடு. நான் ஒண்ணு கேக்குறேன். போன தடவை கம்பம் நட்டுட்டுப் போனவன் பேரு தெரியுமா உங்களுக்கு? வீடு தெரியுமா? விளக்கு அணைஞ்சப்ப யார் சட்டையைப் போய்ப் பிடிச்சோம்? இந்தத் தடவை பிடிக்கறதுக்கு ஒரு சட்டை இருக்கு. நம்ம கண்ணு முன்னால வளர்ந்த பொண்ணு, அவ அப்பன் ஆத்தா இங்கதான் கெடக்குறாங்க, எங்க ஓடிருவா?” என்றாள்.  அப்புறம் ஒவ்வொருவராகத் தலையாட்டினார்கள். அரசாங்கத்தின் நிதி, திட்டம், விதி என்று அந்த இன்ஜினியர் பெண் தொண்டை வறளச் சொன்னதில் வராத நம்பிக்கை, உன் கழுத்து கைக்கு எட்டும் என்றதும் வந்துவிட்டது.

இடம் கொடுப்பது என்று முடிவாயிற்று. மேய்ச்சல் மேட்டின் ஓரம், ஓடைக்குத் தள்ளி. நிலம் குடியிருப்பின் பேரில்தான் இருக்கும், நம் பெண்கள் இரண்டு பேருக்கு வேலை கற்றுக்கொடுத்து அவர்கள் கையில்தான் பேட்டரி அறைச் சாவி, செத்த பேட்டரி ஒன்றுகூட மலையில் கிடக்கக்கூடாது என்று கேட்டிருக்கிறோம். முதல் இரண்டுக்கும் அந்தப் பெண் சரி என்றாள், மூன்றாவதை மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னாள். மேலிடம் என்றால் எது என்று உனக்குத்தான் தெரியும், பெஞ்சு இன்னும் அங்கேதான் இருக்கும், போய் உட்கார். கரண்ட் கொடுக்கிற அன்று நீ இங்கே நேரில் நிற்க வேண்டும் என்பதும் ஊர் முடிவு. லீவுக்கு இப்போதே சொல்லி வை. மில்லுக்கு மோட்டார் வந்தால் டீசல் புகை இல்லாமல் உன் அப்பாவின் நெஞ்சு தெளியும் என்று இங்கே மலை ஏறி வந்து மருந்து கொடுக்கிற நர்ஸ் சொல்கிறாள். அது எனக்கும் ஆசைதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஊரில் எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்த பிறகுதான் நம் மில்லுக்குக் கம்பி வர வேண்டும் என்று நானே சொல்லிவிட்டேன்.

இப்போது நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். அந்த ஆபீசில் அத்தனை தடவை போனாயே, யாராவது உன்னிடம் எதிலாவது கையெழுத்து வாங்கினார்களா? எங்கள் சார்பில் எதையாவது ஒத்துக்கொண்டாயா? நல்லதுதானே என்று படிக்காமல் போட்டிருந்தாலும் சொல்லிவிடு. உன்னைத் திட்ட மாட்டேன், திட்டினாலும் கொஞ்சமாகத்தான் திட்டுவேன். எனக்குத் தெரிந்தாக வேண்டும். உன் பதில் வரும்வரை பேட்டரி அறைக்குக் கூரை போட விட மாட்டேன் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்கிறேன், அவளும் தலையில் கை வைத்துக்கொண்டு சரி என்றாள். அரசாங்கம் போட்ட விளக்கு அணைந்தால் அரசாங்கம் வெட்கப்படுவதில்லை. நீ கொண்டுவந்தது அணைந்தால் நீ வெட்கப்படுவாய், அப்புறம் லீவு கிடைக்கவில்லை, ரயிலில் இடமில்லை என்று ஏதாவது சொல்லி இந்தப் பக்கமே வராமல் இருந்துவிடுவாய். எனக்குப் பயம் அதுதான், இடம் போவதைவிட அதுதான் பெரிய பயம். நேற்று தூண் நடக் குழி தோண்டினார்கள். கையை விட்டுப் பார்த்தேன், முழங்கைக்குக் கொஞ்சம் மேலேதான் வந்தது. இது ஒரு காற்றுக்குத் தாங்குமா என்று கேட்டு, எல்லாக் குழியையும் மறுபடி தோண்ட வைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். ஆட்கள் என்னை முணுமுணுத்துத் திட்டினார்கள், காதில் விழுந்தது, விழட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. நீ தொட்டதெல்லாம் துலங்க வேண்டும், நல்ல மனிதர்கள் உன்னைச் சுற்றி இருக்க வேண்டும், நோய்நொடி இல்லாமல் நிறைந்த ஆயுளோடு இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை நர்ஸ் கீழே போகும்போது கொடுத்தனுப்புகிறேன், அவளும் திரும்பி வர ஒரு வாரம் ஆகும், அதற்குள் பதில் வந்தால் அவள் கையிலேயே கிடைக்கும். பதிலை அப்பா பேருக்கு எழுதாதே, என் பேருக்கு எழுது.

உன் மேல் கோபம் இன்னும் ஆறாத,
அம்மா