திரும்பி வந்த பையும் உருக்காத காசும்

பிரிக்பீல்ட்ஸ்
22.8.1999, ஞாயிறு

அன்பு மகள் சிவமலருக்கு அம்மா எழுதிக்கொள்வது. கந்தசுவாமி கோயில் முருகன் காவலில் நானும் உன் தம்பி குகனும் உடம்புக்குச் சுகம், மனதைக் கேட்காதே. மான்செஸ்டரில் நீயும் மருமகனும் பிள்ளைகளும் குறையில்லாமல் இருக்க வேண்டும். போனில் சொன்னால் நீ அழுவாய், உன் மாமியார் காதில் விழும், அதனால்தான் எழுதுகிறேன். இது உன் கைக்கு வரும் நேரம் வெள்ளிக்கிழமை குகன் கட்டப்போகும் தாலிக்குப் பொன்னுருக்கு முடிந்திருக்கும். எப்படி முடியும் என்றுதான் தெரியவில்லை.

நீ கம்பியூட்டரில் ஏலம் பார்த்து வாங்கி அனுப்பினாயே பாரிஸ் கம்பெனிக் கைப்பை, அதைத்தான் போன ஞாயிறு நிச்சயதார்த்தத் தட்டில் நடுவாக வைத்துக் கிள்ளானுக்குக் கொண்டுபோனேன். பெண்ணின் அம்மா மனோன்மணி எடுத்தாள், திறந்தாள், உள்ளே மோந்து பார்த்தாள், தையலில் நகத்தை ஓட்டினாள், பிறகு தூங்குகிற பிள்ளையைக் கிடத்துகிற மாதிரி மெதுவாகத் தட்டிலேயே வைத்துவிட்டாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். புதன்கிழமை அவள் தம்பி நாகையா பையைப் பழைய பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்தார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வாசலில் நின்றபடியே, "அக்கா தப்பா எடுத்துக்கக் கூடாது, பொன்னுருக்கு அன்னிக்கு எங்க ஆசாரியையும் கூட்டிட்டு வருவோம், காச மொதல்ல அவர் உரசிப் பார்த்துடட்டும்" என்றார். தாலிக்கு மாப்பிள்ளை வீட்டில் உருக்குகிற பவுன் காசைப் பெண் வீட்டு ஆசாரி உரசுவதா? பை பொய் என்றால் பொன்னும் பொய் என்று முடிவு கட்டிவிட்டார்கள். இதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

பக்கத்து வீட்டுப் புஷ்பவல்லி புக்கிட் பிந்தாங்கில் பெரிய கடையில் பை விற்கிறவள். அவளிடம் காட்டினேன். "ஆன்டி, இது டூப்ளிகேட் லா, பாசார் மாலாம் ராத்திரிச் சந்தைல தொங்குறதுகூட இதவிட நேரா தச்சிருக்கும்" என்று சிரித்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அசலில் பை மேல் அச்சடித்த பூ ஓரத் தையலுக்கு இரண்டு பக்கமும் பொருந்தி நிற்குமாம், இதில் பாதிப் பூ வெட்டுப்பட்டுக் கிடக்கிறது. ஜிப்பு கனமில்லை, உள்ளே பசை நாற்றம். இனிமேல் கேட்டுக்கொள், கடைப் புத்தகத்துப் படத்தைக் காட்டுகிறவனை நம்பாதே, அவன் கையிலிருக்கும் பையை, உள்பக்கத்தை, அடித்தையலைப் படமெடுத்து அனுப்பச் சொல். வாங்கிய ரசீது கேள். திருப்பி எடுப்பாயா என்று கேள். சீக்கிரம் சீக்கிரம் என்று அவசரப்படுத்துகிறவன் திருடன். கார்டு நம்பரை அவனுக்குக் கொடுத்தாய் அல்லவா, நாளைக்கே பேங்கில் சொல்லி நிறுத்து, பொய்ப் பை விற்றவன் பையோடு நிற்க மாட்டான்.

என் பயம் பையில்லை. அந்தக் காசு யார் கொடுத்தது? அப்பாவின் தங்கை, உன் புனிதவதி மாமி. 1971-ல் குகன் பிறந்து முப்பத்தொன்றாம் நாள் சடங்கில் அவன் கையில் வைத்து, இவன் தாலிக்கு இதைத்தான் உருக்க வேண்டும் என்றாள், பின்னாளில் அப்பாவும் அதையே சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். 1974-ல் ஆச்சி செத்த எட்டாம் நாள், எட்டுச்செலவுப் படையல் அன்று, வடைக்கு உப்பில்லை என்று தொடங்கி, எல்லார் முன்னாலும் என்னைப் பிச்சைக்கார வீட்டில் பிறந்தவள் என்றாள். வெளியே போ என்றேன். படியில் நின்று திரும்பி, "அந்தக் காச உருக்கும்போது என்னை நினைப்பீங்க அண்ணி" என்றாள். அவள் கட்டியிருந்த சேலையின் ஊதாக் கரைகூடக் கண்ணில் நிற்கிறது. இருபத்தைந்து வருடமாக அந்தக் காசை நான் உரசிப் பார்க்கவில்லை, உரசினால் அவளை நினைத்ததாகிவிடும் என்ற வீம்பு. நீ படத்தை நம்பினாய், நான் கொடுத்த கையை நம்பினேன், உன்னை எந்த வாயால் திட்டுவேன்?

நாளைக் காலை மஸ்ஜித் இந்தியா நகைக்கடைப் பக்கம் யாருக்கும் தெரியாமல் கொண்டுபோய் உரசப் போகிறேன். பொய்யென்றால் என் வளையலை உருக்கிவிட்டு, அப்பா வாக்கை மீறிய பாவத்தைச் சுமந்துகொள்வேன். மெய்யென்றால்தான் எனக்கு நடுக்கம். கொடுத்தவளை விட்டுவிட்டு உருக்க முடியாது, செராஸில் உன் மாமி வாசலில் போய் நின்று பொன்னுருக்குக்கு வா என்று கூப்பிட வேண்டும், அவள் வருவாளோ, வந்து மனோன்மணி முன்னால் என்ன சொல்வாளோ.

பிள்ளைகளுக்கு என் முத்தம். முருகன் உங்களை எந்தக் கண்ணும் படாமல் வைத்திருக்கட்டும். பை வந்த பெட்டியில் விற்றவன் விலாசம் இருந்த சீட்டை இதோடு வைத்திருக்கிறேன், தொலைத்துவிடாதே. கல்யாணம் நடந்தால் வெறுங்கையோடு வா.

உன் அம்மா
அன்னப்பிள்ளை தியாகராசா