கடை வாசலில் சைக்கிள் பாதை

செப். 28, ஞாயிறு

தூறல் விட்டு விட்டு. துவைத்தது ஒன்றும் காயவில்லை. மாவு அரைக்க வேண்டும்.

மழை நின்ற நேரமாகப் பார்த்து மாநகராட்சி ஆட்கள் வந்து ஏரி ரோட்டில் வெள்ளைக் கோடு போட்டார்கள். ஓரமாக ஆரஞ்சு கலர் பிளாஸ்டிக் கம்பங்கள். சைக்கிள் பாதையாம். இப்போதைக்குச் சோதனை. அடுத்த ஞாயிறு ஏரியா சங்கத்து ஹாலில் கூட்டம். ஏரியாக்காரர்கள் வேண்டும் என்றால் நிரந்தரம், வேண்டாம் என்றால் அழித்துவிடுவார்கள்.

கோடு எங்கள் கடை வாசல் வழியாகத்தான் போகிறது. எங்கள் கடை என்றால் வீட்டை ஒட்டி என் வீட்டுக்காரருடைய ஸ்கூட்டர் ரிப்பேர் கடை. உள்ளே ஒரு ஸ்கூட்டரும் அவரும் நிற்கலாம், அவ்வளவுதான் இடம். மற்ற வண்டியெல்லாம் கல்யாணமான நாளிலிருந்து நான் பார்க்க வெளியேதான், இன்று கோடு போட்ட அதே இடத்தில்.

அவர் ஸ்பேனரோடு வந்து நின்றார். "வண்டிய எங்கப்பா நிறுத்தறது, தலை மேலயா?"

பெயிண்ட் அடித்தவர், தனக்கு என்ன தெரியும் என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு அடுத்த கடைக்கு நகர்ந்துவிட்டார். இவர் முகம் சுருங்கிப் போனது.

எனக்கு? வெளியே சொல்ல முடியாது, இங்கே எழுதலாம். சந்தோஷம். அடுப்படியில் தனியாக நின்று சிரித்தேன்.

செப். 29, திங்கள்

வேலைக்குப் புதுப் பாதையில். சிவாஜிநகர் கண்ணாடிக் கடையில் நான் பில் போடுகிறவள். பஸ்ஸில் நசுங்கிய காலம் போய், யாரோ எங்கள் கடையில் விட்டுப்போன லேடீஸ் சைக்கிளை அவரே சரிசெய்து கொடுத்து, அவரே பின்னால் ஓடி வந்து ஓட்டக் கற்றுக்கொடுத்தார். போன வருஷம். நாற்பது வயதுக்கு மேல்.

தண்ணீர் லாரி தோளை உரசவில்லை. பின்னால் ஹாரன் அடித்து யாரும் விரட்டவில்லை. ஏரி மேல் பனி. அக்கரை மரங்கள் பாதிதான் தெரிந்தன, மீதி இன்னும் தூக்கத்தில். கால் தானாகச் சுற்றியது. திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் நேராகப் போய், ஏரியை ஒரு சுற்று சுற்றிவிட்டேன். லேட். முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திட்டு. காதில் ஏறவே இல்லை.

சாயங்காலம் திரும்பினால் பாதை முழுக்கச் சுத்தம், ஒரே ஒரு இடம் தவிர. எங்கள் கடை வாசல். வரிசையாக ஸ்கூட்டர்கள். மணி அடித்தேன்.

"யாருங்க இங்க வண்டி நிறுத்தினது?"

"உம் புருஷன்தான். போய் கம்ப்ளெயின்ட் குடு, போ."

இரண்டு பேரும் சிரித்தோம். ஆனால் அவர் வண்டியை நகர்த்தவில்லை. நான் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தேன்.

செப். 30, செவ்வாய்

விடிகாலைக் கனவு. ரோடு முழுக்கத் தண்ணீர், கோடு மட்டும் மேலே மிதக்கிறது. காயப்போட்ட வேட்டி மாதிரி ஆடுகிறது. அதன் மேல் நான் சைக்கிளில். பயமே இல்லை. குக்கர் விசில் எழுப்பிவிட்டது, பக்கத்து வீட்டுக் குக்கர்.

எதிர் அபார்ட்மெண்ட் ஷோபா வந்தாள். மைசூர்க்காரி, இங்கே வந்து பேசிப் பேசித் தமிழ் பழகியவள். பாதை வேண்டும் என்று வீடு வீடாகப் போகும் சைக்கிள் கூட்டத்துக்கு அவள்தான் தலைவி.

"சாந்தி அக்கா, கூட்டத்துல நீங்க பேசலேபேக்கு, பேசியே ஆகணும். நாங்க பேசினா ஷோக்குக்கு ஓட்டறவங்கன்னு சொல்லிடறாங்க. நீங்க வேலைக்குப் போறவங்க, இதே ஏரியாவுல பொறந்தவங்க."

"அவரு கடை இருக்கே, ஷோபா."

"நான் வேணா அவர்கிட்ட பேசட்டா?"

"ஐயே, வேணாம் தாயே!"

அவள் போன கொஞ்ச நேரத்தில் ஹார்ட்வேர் கடை ரமேஷ் அண்ணன், கடைக்காரர்கள் பக்கத்துத் தலைவர். கூட்டத்தில் பாதை வேண்டாம் என்று பேச அவர் கேட்டது என் வீட்டுக்காரரை. நல்ல வீடு இது. ஆளும் கட்சி, எதிர்க்கட்சி எல்லாம் ஒரே சமையலறையில் சாப்பிடுகிறது.

ராத்திரிச் சாப்பாட்டின்போது ஷோபா கேட்டதைச் சொல்லிவிட்டேன். ரசத்தைப் பிசைந்தபடியே, "பேசு. நானும் பேசறேன். ஒரே ஆட்டோல போயிட்டு வரலாம்" என்றார். அழுகை வந்தது, மோர் எடுக்கப் போகிற சாக்கில் எழுந்துவிட்டேன்.

நாளைக்கு: பொரி, கடலை, வாழைக்கன்று, சாமந்தி, எலுமிச்சை, பெரிய பூசணி 1.

அக். 1, புதன், ஆயுத பூஜை

வெயில், அப்பாடா. கடை கழுவி, ஸ்பேனர் எல்லாம் வரிசை வைத்து, சந்தனம், குங்குமம். என் சைக்கிளையும் அவரே துடைத்து மாலை போட்டார். "எதிர்க்கட்சி வண்டிக்கும் பொட்டு வெச்சாச்சு, பாத்துக்கோ."

கற்பூரம் ஏற்றி, கடையையும் வண்டிகளையும் பூசணியால் சுற்றி, வாசலுக்கு வெளியே வருஷா வருஷம் உடைக்கிற இடத்தில் ஓங்கி உடைத்தார். பட்டென்று நல்ல உடைப்பு. திருஷ்டி போச்சு என்று எல்லோருக்கும் திருப்தி. ரமேஷ் அண்ணன் கடை, பேக்கரி, ஜெராக்ஸ் கடை, எல்லோரும் அதே மாதிரி வாசலுக்கு வெளியே. ஷோபாவின் கூட்டமும் சைக்கிள்களுக்கெல்லாம் பூஜை போட்டு, அவர்கள் பங்குக்கு ஒன்று. பொழுது சாய்வதற்குள் வெள்ளைக் கோடெல்லாம் சிவப்பு. வாசலுக்கு வெளியே இப்போது இருப்பது சைக்கிள் பாதை என்று ஒருத்தருக்காவது தோன்ற வேண்டுமே. எனக்கும் தோன்றவில்லை. பொரி தின்றுகொண்டு அழகாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக். 2, வியாழன்

இடது கை எழுத்து. கோழிக் கிறுக்கல்.

லீவு. சும்மா ஒரு சுற்று என்று கிளம்பினேன். பனி. எங்கள் கடை வாசல். பூசணித் தோல். சறுக்கல். வானம் ஒரு நிமிஷம் கீழே.

பாதி ஷேவிங் சோப்போடு ஓடி வந்தார். டாக்டர்: எலும்பு முறியவில்லை, பலத்த சுளுக்கு. வலது மணிக்கட்டில் கட்டு.

மத்தியானம் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வாளியும் துடைப்பமுமாக அவர் ரோட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். எங்கள் வாசல் முடிந்து ரமேஷ் அண்ணன் வாசல், பேக்கரி வாசல், அப்படியே போய்க்கொண்டிருந்தார்.

அக். 3, வெள்ளி

கை வீக்கம். விருந்தாளிகள்.

ரமேஷ் அண்ணன், ஆப்பிளோடு. "இதுக்கு மேல சாட்சி வேணுமாம்மா? மெக்கானிக் சம்சாரமே விழுந்துட்டாங்கன்னா, அந்தப் பாதை ஆபத்துதானே? உங்க வீட்டுக்காரரு குமார் அதச் சொன்னா போதும், அழிச்சிடுவாங்க."

ஷோபா, ஆரஞ்சோடு. "கடைக்காரங்க வேணும்னே லேன்ல உடைச்சிருக்காங்க. நீங்க அத அப்படியே சொல்லுங்க அக்கா."

"உங்க பூசணியும் அங்கதான் உடைஞ்சிது."

நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அய்யய்யோ, ஹௌது, ஆமா."

என் கை என்ன பொதுச் சொத்தா? ஆளாளுக்கு ஒரு பக்கம் இழுக்கிறார்கள். எரிச்சல். ஆப்பிள் மாவாக இருந்தது, ஆரஞ்சு நன்றாக இருந்தது.

அக். 5, ஞாயிறு

கூட்டம். ஹால் நிறைந்து வெளியிலும் ஆட்கள். மாநகராட்சி இஞ்சினியர் மேடையில், ஃபேன் காற்றில் அவர் பேப்பர் பறந்துகொண்டே இருந்தது.

ரமேஷ் அண்ணன் மைக்கில்: "குமார் சம்சாரம் கைக்கட்டோட உக்காந்திருக்காங்க, எல்லாரும் பாருங்க. என்ன நடந்துதுன்னு அவரே சொல்லுவாரு."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அவர் எழுந்தார். மைக்கைத் தள்ளிப் பிடித்ததில் பாதிதான் கேட்டது, ஆனால் கேட்டது.

"விழுந்தது நெஜம். பூசணிக்கா உடைச்சது நான். கோடு ஒண்ணும் பண்ணல. எனக்குக் கடை வாசல் வேணும், அது இல்லாம பொழப்பு இல்ல. ஆனா இவ கையக் காட்டி அதக் கேக்க மாட்டேன்."

உட்கார்ந்துவிட்டார். ரமேஷ் அண்ணன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஷோபா பக்கம் கைதட்டல், விசில் கூட. எங்கிருந்து அந்தக் கோபம் வந்ததோ, எழுந்து நின்றுவிட்டேன்.

"கை தட்டாதீங்க! அவரு என்ன உங்க கட்சிக்கா வந்தாரு? எனக்கு இந்த ரோடு வேணும். பஸ்ஸுல நசுங்காம, லாரிக்குப் பயப்படாம போனேன், இன்னும் போகணும். ஆனா ரிப்பேருக்கு வர்ற வண்டிங்க எங்க நிக்கும், அதுக்கு ஒரு எடம் காட்டிட்டுப் போடுங்க."

இஞ்சினியர் எழுதிக்கொண்டார். பிறகு கை தூக்கச் சொன்னார்கள். வேண்டும் என்கிறவர்கள். இடது கையைத் தூக்கினேன். வேண்டாம் என்கிறவர்கள். பக்கத்தில் அவர் அசையவில்லை. இரண்டு தடவையும் அவர் கை மடியிலேயே இருந்தது.

ஆட்டோ கிடைக்கவில்லை. நடந்தே வந்தோம். வழியில் எனக்கு மல்லிகை வாங்கினார், கட்டுப் போட்ட கையால் வைத்துக்கொள்ள முடியாதென்று அவரே வைத்துவிட்டார்.

அக். 17, வெள்ளி

மழை. அறிவிப்பு ஒட்டிவிட்டார்கள். பாதை நிரந்தரம். வண்டி நிறுத்த இடம்? "பரிசீலனையில்". எத்தனை பரிசீலனை பார்த்திருக்கிறோம். பிளாஸ்டிக் கம்பத்தைப் பிடுங்கி சிமெண்ட் கட்டை வைக்கிறார்கள்.

வழக்கமாக வருகிறவர்கள் வண்டியை நிறுத்த இடம் தேடி, ஒரு சுற்று சுற்றி, அப்படியே போய்விடுகிறார்கள். லிங்கராஜபுரத்தில் ஒரு சர்ச் பக்கம், தெரிந்தவர் காம்பவுண்டுக்குள் இடம் இருக்கிறதாம். போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வண்டிகள் நிற்கலாம், வேப்பமர நிழல், ஆனால் ரோட்டிலிருந்து யார் கண்ணுக்கும் தெரியாது. எல்லாம் முதலிலிருந்து.

"உம் மேல எனக்குக் கோவம் ஒண்ணும் இல்ல" என்றார், நான் கேட்காமலேயே. இருந்தால் தேவலை. சண்டையாவது போடலாம்.

அக். 27, திங்கள்

மேகம், மழை இல்லை. கை சரியாகிவிட்டது, டாக்டர் ஓட்டலாம் என்றார். காலையில் கடைச் சாமான்கள் குட்டி லாரியில் ஏறிவிட்டன. கம்ப்ரசர் கடைசி. உள்ளே வெறும் எண்ணெய்க் கறை.

லீவு சொல்கிறேன், கூட வருகிறேன் என்றேன். வேண்டாம், கெளம்பு, லேட்டாகுது பார் என்றார். சைக்கிளை எடுத்தேன். ஷட்டரை இழுத்து, பூட்டி, நிமிர்ந்து எங்கள் வாசலைப் பார்த்தார். பிறகு என்னை.

"போ. நேரா போ. இனிமே இங்க எவனும் வண்டி நிறுத்த மாட்டான்."

போனேன். பனி, ஏரி, யாருமில்லாத பாதை. அழுதுகொண்டேதான் போனேன், அந்த முனை வரை பிரேக்கைத் தொடவில்லை. சொன்னால் பாவம். சுகமாகத்தான் இருந்தது.