பட்டில் நூல் மாட்டினால் அனுப்பாதே

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நீயும் பிள்ளைகளும் சுகமா? நான் நலம், பசிதான் குறைவு.

நம் பட்டறையில் செய்த உலோக வளையத்தின் விளிம்பை அளந்து, அதை வாங்கும் துகள் ஆய்வுக்கூடத்தில் அதைச் சுற்றி மின்புலம் எப்படி இருக்கும் என்று கணினியில் போட்டுப் பார்த்தார்கள். படத்தில் ஓரிடம் செக்கச்செவேல். "இங்க பொறி பறக்கும்ணே" என்றான் பொறியாளன்.

"விலையைக் குறைக்க வழி பாக்கிறியா தம்பி?" என்றேன். சிரித்தபடி வளையத்தில் மின்னழுத்தத்தை ஏற்றினான். அதே இடத்தில் பளிச்சென்று பொறி! பயப்படாதே, நான் கண்ணாடிக்கு இப்பால்தான் நின்றேன்.

விளிம்பில் பிசிறு இருந்தால்தான் இப்படிப் பொறி பறக்குமாம்; இப்போது சந்தேகம் உன் தம்பிமேல். மெருகேற்றிவிட்டேன் என்றானே! அடுத்து அனுப்பும் வளையங்களின் விளிம்புகளில், நீ அடிக்கடி கட்டும் உன் பழைய பட்டுச்சேலையை நீயே ஓட்டிப் பார். ஒரு நூல் மாட்டினாலும் அனுப்பாதே. மறுபடி பொறி பறந்தால் ஆர்டர் போய்விடும்.

தேறியவற்றை அந்தச் சேலையிலேயே சுற்றி அனுப்பு, நானும் ஓட்டிப் பார்க்கணும். வண்டி வந்துவிட்டது, முடிக்கிறேன்.

சேலையைத் துவைத்துவிடாதே. சோப்பு வளையத்துக்கு ஆகாது.

உன் வீட்டுக்காரன்