மணந்து பார்த்த போத்தல்

மச்சான்,

இன்று காலை அலுவலகத்தில் ஒரு வெறும் எண்ணெய்ப் போத்தலைத் திறந்தேன். மண்ணெண்ணெய் மணம் மூக்கில் அடித்தது. அதோடு நீயும் வந்துவிட்டாய். அப்போதிருந்து கதிரையில் இருப்புக் கொள்ளவில்லை. எழும்புகிறேன், நடக்கிறேன், திரும்ப இருக்கிறேன்.

நாளைக்குக் கம்பனியில் கூட்டம். தேங்காய் எண்ணெயைச் சின்னப் பொலித்தீன் பைக்கற்றில் விற்பதா, போத்தலைத் திருப்பி எடுத்து நிரப்பி விற்பதா என்று நான் சொல்ல வேண்டும். பைக்கற் மலிவு. வெறும் பைக்கற் போய்ச் சேருவது குளத்துக்கும் வாய்க்காலுக்கும். இந்தச் சண்டையை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து நடத்திய புளியங்குளத்துக் கடையிலேயே பிடித்து முடித்துவிட்டோம் என்றல்லவா நினைத்தேன்!

சமாதானம் என்று பாதை திறந்து வவுனியாவிலிருந்து லொறிகள் வரத் தொடங்கிய காலம். பைக்கற் எண்ணெய்க்கு நான் ஓம் என்றேன். நீ குதித்தாய்.

"விசரா, லொறி வெறுமையாத்தானே திரும்பிப் போகுது? வெறும் போத்திலை ஏத்தி விடுவம். அங்க நிரப்பித் தரட்டும்."

சனம் போத்தல்களை அள்ளிக்கொண்டு வந்தது. சாமான்கள் வராத பொருளாதாரத் தடைக்காலத்தில் ஒரு போத்தலையும் எறிந்தறியாத சனம். நிரம்பி வந்த எண்ணெயோ மண்ணெண்ணெய் நாறியது. விளக்குக்கு மண்ணெண்ணெய் வாங்கி வைத்த போத்தல்கள்! எங்கள் வீடுகளிலும் அப்படித்தானே, ஒருவருக்கும் யோசனை வரவில்லை. ஒரு அம்மா பொரித்த மீனைக் கொண்டுவந்து மேசையில் வைத்தா.

"நீங்களே தின்னுங்கோ."

மற்றவர்கள் பக்கத்துக் கடைப் பைக்கற்றுக்குப் போனார்கள். கடையை மூடத்தான் வேண்டும் என்றேன் நான்.

"அந்தோனியாரே!" என்று தலையில் அடித்தாய். மறுநாள் வாசலில் குந்தி, வந்த போத்தல் எல்லாவற்றையும் மூக்கில் வைத்தாய். நாறியதன் கழுத்தில் சிவப்பு நூல் கட்டினாய். "இது விளக்குக்கு மட்டும் அக்கா, கொண்டு போங்கோ." உனக்குத் தலையிடி வந்தது, எங்கள் இலாபம் குறைந்தது, போன சனம் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது.

போரின் கடைசி இடப்பெயர்வில் உன்னை உடையார்கட்டில் கண்டேன். தண்ணீர் இருக்கோ என்று கேட்டேன். உன் கையில் எங்கள் கடைப் போத்தல் ஒன்று, பாதித் தண்ணீரோடு. நீட்டுமுன் அதையும் மூக்கில் வைத்தாய்.

"மணந்து பாத்திட்டன். குடி."

பிறகு உன்னைக் காணவில்லை. நீ இல்லை என்ற செய்திதான் வந்தது. எனக்கு இன்னும் ஆறவில்லை, மச்சான்.

நாளைக்குச் சொல்லப் போகிறேன்: திரும்பும் லொறியில் வெறும் போத்தல், வாசலில் மணந்து பார்க்க ஒரு ஆள், செலவு கூடத்தான் செய்யும். சிரிப்பார்கள். வீட்டில் பிள்ளைகளும் சிரிக்கிறார்கள். ஆனால் மணந்து பார்க்காமல் பிள்ளைகளிடம் ஒரு போத்தல் தண்ணீரை நான் இன்றுவரை நீட்டியதில்லை.