காலி உறையோடு நடமாடுபவனின் மனு

அனுப்புநர்:
லெமுவல் ஹாஸ்கெட்,
கோவேறு கழுதை வளர்ப்பவன்,
டிரை ஃபோர்க் சாலை, கடைசி வீடு,
கோல்டர் மாவட்டம், அரிசோனா.

பெறுநர்:
ஷெரீப் அவர்கள்,
கோல்டர் மாவட்டம்.

பொருள்: தங்கள் உதவியாளர் வாங்கிப்போன எனது பழங்காலக் கைத்துப்பாக்கியைத் திரும்பக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் வீட்டிலிருந்து தங்கள் அலுவலகம் அறுபது மைல். ராய்ஸ் டட்டில் என் தண்ணீர் பம்பின் செம்புக் கம்பியை இரண்டாம் முறை அறுத்துப் போனபோது தொலைபேசியில் அழைத்தேன். மறுநாள் மதியம் ஆள் வந்தார். நல்ல மனிதர். காப்பி குடித்தார், போனார். அதன்பின் ராய்ஸ் வாசலில் நின்று, "தனியாத்தான இருக்க பெருசு? அடுத்த தடவ கழுதையையே ஓட்டிட்டுப் போறேன்" என்றான். அன்றுமுதல் துப்பாக்கி இல்லாமல் நான் வெளியே இறங்குவதில்லை.

2. அதற்கு வயது நூற்று அறுபதுக்கு மேல். சந்தையில் ஒரு சேணத்தைக் கொடுத்து மாற்றிக்கொண்டது. (அந்தச் சேணத்துக்குரிய கழுதை பாதிரியாரைக் கடித்த விவரத்தைத் தாங்கள் விரும்பினால் தனி மனுவாகத் தருகிறேன்.) அதன் சுழல் உருளையின் ஆறு அறைகளில் ஐந்தில் வெடிமருந்தும் ஈயக் குண்டும் இருக்கும்; தவறி வெடிக்காதிருக்க, துப்பாக்கியின் சுத்தியல் படியும் அறை காலி. ஒவ்வொரு குண்டின் மேலும் பன்றிக் கொழுப்பை அப்பி அடைக்க வேண்டும். அடைக்காவிட்டால் ஓர் அறையின் தீ அடுத்த அறைக்குத் தாவும். எங்கள் பக்கத்தில் இது கழுதைக்கும் தெரியும்.

3. வெயிலில் கொழுப்பு உருகும். ஜூலை முதல் தேதி நான் தங்கள் அலுவலகத்தருகே உள்ள சாப்பாட்டுக் கடையில் முட்டை தின்றுகொண்டிருக்க, என் நாய் பாஞ்சோ துப்பாக்கி உறையை நக்கிக்கொண்டிருந்தது. தங்கள் உதவியாளர் கைல் பிராண்ட்வோல்ட் வந்து, "என்ன தாத்தா, இடுப்புல துப்பாக்கியா, வறுத்த பன்றியா? குடு, சுத்தம் பண்ணித் தர்றேன்" என்றார்.

"தம்பி, கொழுப்புல மட்டும் கை வைக்காத" என்றேன்.

"எனக்கே சொல்லித் தர்றியா?" என்று சிரித்தபடி வாங்கிப்போனார்.

4. பளபளவென்று துடைத்திருக்கிறார். பிறகு அலுவலகப் பின்முற்றத்தில் ஒரே ஒரு முறை சுட்டிருக்கிறார். ஐந்தும் ஒன்றாக வெடித்தன. ஒன்று குப்பைத் தொட்டியில், ஒன்று தங்கள் ஜீப்பின் டயரில். மற்றவற்றை இன்னும் தேடுகிறார்கள். அவருக்குப் பத்து விரலும் மிஞ்சியதில் எனக்கு மெய்யாகவே மகிழ்ச்சி. டயரைச் சுட்ட வழக்கில் தடயம் என்று துப்பாக்கியை அலமாரியில் பூட்டிவிட்டார்கள். அந்த நேரம் நான் இரண்டாவது முட்டையில் இருந்தேன். கடை முழுவதும் சாட்சி.

5. அன்றுமுதல் காலி உறையை, மூடிக்குப் பொத்தானிட்டு, இடுப்பில் கட்டிக்கொண்டு நடக்கிறேன். போன செவ்வாய் ராய்ஸ் வந்தான். மூடிமேல் கையை வைத்துச் சும்மா நின்றேன். "கோச்சுக்காத பெருசு, வழி கேக்கத்தான் வந்தேன்" என்று போய்விட்டான். அவன் பிறந்ததே அந்தச் சாலையில்தான்.

ஆகவே ஐயா, துப்பாக்கியை மேற்கொண்டு யாரும் சுத்தம் செய்யாமல் திருப்பித் தர வேண்டுகிறேன். தாமதமாகுமானால், இம்மனுவை அறிவிப்புப் பலகையில் ஒட்டாதிருக்கவும், திரு. கைல் இந்தக் கதையைச் சாப்பாட்டுக் கடையில் மூன்றாம் முறை சொல்லாதிருக்கவும் உடனே உத்தரவிட வேண்டும். ராய்ஸ் அங்கே வெள்ளிக்கிழமைதோறும் காலை உணவுக்கு வருகிறான்.

இடம்: டிரை ஃபோர்க்
நாள்: ஜூலை 10, வியாழன், மாலை

இப்படிக்கு,
உறையை மட்டும் நம்பியிருக்கும்
லெமுவல் ஹாஸ்கெட்